எந்த ஊர் மணி?

என் தகப்பனார் 2023-ம் வருஷம் மார்ச் மாதம் 14-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் காலமானார். பக்கத்தில் நான் இருந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. டியூட்டி டாக்டர் வந்து நாடியைப் பார்த்தார். பிறகு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸிடம் மணியைச் சொன்னார். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே கையிலிருந்த கருவியில் அதைப் பதிவு செய்தாள். இத்தனை சாட்சிகளோடு நடந்த காரியம், பத்து நாளைக்குள், 13-ந் தேதி திங்கட்கிழமை நடந்ததாக மாறிவிட்டது.

ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் 13. அதைக் கொண்டுபோய்ப் பதிவு செய்ததால் இறப்புச் சான்றிதழிலும் 13. துக்கத்தில் இருக்கிறவன் தேதியையா படித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்? மயானத்துச் சிப்பந்தி தன் கைப்பட ரிஜிஸ்தரில் எழுதியிருந்தது 14. ஆஸ்பத்திரியின் பில்லிலோ 14-ந் தேதிக்கும் அறை வாடகை போட்டு வாங்கியிருந்தார்கள். இறந்துபோனவர் மறுநாளும் அறையைக் காலி செய்யாமல் இருந்ததற்கு வாடகை போலிருக்கிறது! இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு குமாஸ்தா இந்தக் காகிதங்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "இதிலே எது சார் நிஜம்?" என்று கேட்டார்.

"நான் பக்கத்திலேயே இருந்தேன், ஐயா" என்றேன்.

"அது சரி சார். டாக்குமெண்ட் என்ன சொல்லுது?" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலை அது. கோபம் வந்தது வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோதுதான். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "திங்கட்கிழமை பூரா என்னோடே பேசிண்டிருந்தாரேடா. ராத்திரி பத்து மணிக்குப் போர்வையைச் சரியா இழுத்துவிடுன்னாரே. அதெல்லாம் யார்கிட்டே பேசினேன்னு சொல்லறா?" என்று கேட்டாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு என் படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். என் தாயாரின் ஒரு நாளைத் திருடிக்கொண்டு போனவர்கள் யார் என்று விசாரிக்க எனக்கு உரிமை உண்டு. விசாரித்தேன். மூன்று மாதம் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருட்டைக் கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறான். காகிதத்தைப் பார்த்ததும் அவன் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "மாமா, மூணு பத்துலேருந்து அஞ்சரை மணியைக் கழிச்சுப் பாருங்க" என்றான். கழித்தேன். முந்தின நாள் இரவு ஒன்பது மணி நாற்பது நிமிஷம் வந்தது.

"அது கிரீன்விச் கணக்கு. யு.டி.சி.ன்னு சொல்லுவோம். நர்ஸ் அடிச்ச மணியைக் கம்ப்யூட்டர் அப்படி மாத்தி வெச்சுக்கும். திரும்பக் காட்டறப்போ நம்ம ஊர் மணிக்குத் திருப்பிக் காட்டணும். ஆனா காகிதத்திலே தேதி மட்டும் போதும்னு எவனோ முதல் பத்து எழுத்தை மட்டும் கத்தரிச்சு எடுத்திருக்கான். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! விஷயம் இதுதான்: நம் நாட்டில் நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணி வரை எது நடந்தாலும் கிரீன்விச்சில் அது முந்தின தேதி. முதல் பத்து எழுத்தைக் கத்தரிக்கிற புரோகிராம் எதுவானாலும் அந்த ஐந்தரை மணி நேரத்தில் பிறக்கிற குழந்தைகளையும் இறக்கிற கிழவர்களையும் ஒரு நாள் பின்னால் தள்ளிவிடும். இந்தியா சுதந்திரம் பெற்றது 1947 ஆகஸ்டு 15-ந் தேதி பிறந்த நள்ளிரவில் அல்லவா? அந்த நேரத்தை இந்தப் புரோகிராமிடம் கொடுத்தால் ஆகஸ்டு 14 என்று அச்சடித்துத் தரும். நேருஜி எதிரில் வந்து நின்று மறுத்தாலும் "டாக்குமெண்ட் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள்.

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்டேன். அக்கா மகன் சொன்ன பதிலில் ஒரு சமூக வரலாறே இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவன் காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வருகிறான். பகல் பதினோரு மணிக்குப் பரீட்சித்துப் பார்க்கிறான். பதினோரு மணியிலிருந்து ஐந்தரையைக் கழித்தாலும் தேதி மாறாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காபி சாப்பிடப் போய்விடுகிறான். பிழை அங்கேயே படுத்துத் தூங்குகிறது. இரவுப் பணி நர்ஸ் ஒருத்தி வந்து எழுப்பும்வரை. இதற்கு நேர் எதிரான பிழை அமெரிக்காக்காரர்களுக்கு. அவர்கள் ஊர் கிரீன்விச்சுக்குப் பின்னால் இருப்பதால், ஒரு வெறும் தேதியைக் கொடுத்தாலே அவர்கள் திரையில் முந்தின தேதி தெரியும். சென்னையில் சோதித்துச் சரியாக இருந்தது சிகாகோவில் கெட்டுப்போகும். சிகாகோவில் சரியானது இங்கே கெட்டுப்போகும். அவனவன் தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உலகத்துக்கெல்லாம் மணி சொல்கிறான்.

இந்தத் தொழிலில் மிகவும் புழக்கத்திலுள்ள பாஷை ஜாவாஸ்கிரிப்ட். அதன் தேதிச் சாமர்த்தியத்தை அக்கா மகன் எனக்குத் தன் மடிக் கம்ப்யூட்டரில் செய்து காட்டினான். வருஷம், மாதம், நாள் என்று சிறு கோடுகள் போட்டு வெறும் தேதியை எழுதினால், அதை அது கிரீன்விச் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே தேதிக்குப் பின்னால் மணியையும் சேர்த்து எழுதினால், உள்ளூர் மணி என்று எடுத்துக்கொள்ளும். சிறு கோட்டுக்குப் பதில் சாய்கோடு போட்டால் வெறும் தேதியே உள்ளூர் நள்ளிரவு ஆகிவிடும். ஒரு கோடு சாய்ந்ததற்கு ஐந்தரை மணி நேரம் விலை! இதற்கு விதி எழுதுகிற சபையாரும் சும்மா இருக்கவில்லை. ஊர் குறிப்பிடாத மணி என்றால் கிரீன்விச் என்று 2009-ல் விதி செய்தார்கள். 2015-ல் அதை உள்ளூர் என்று மாற்றினார்கள். மறு வருஷம், வெறும் தேதிக்கு மட்டும் கிரீன்விச், மணியோடு வந்தால் உள்ளூர் என்று சமரசம் செய்தார்கள். இந்த மூன்று விதிகளிலும், சொன்னவனிடமே "எந்த ஊர் மணி ஐயா?" என்று கேட்கலாமே என்பது மட்டும் இல்லை.

இங்கேதான் என் வழக்கு இருக்கிறது. ஊர் இல்லாத மணி ஒரு பாதி வாக்கியம். "மூன்று பத்துக்கு இறந்தார்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தைக் கண்டதும் நிற்க வேண்டும், கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லையென்றால் காலியாகவே விட்டுவைக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தானாக ஓர் ஊரை இட்டு நிரப்புவது உதவி அல்ல, பொய்ச் சாட்சி. இட்டு நிரப்பியது தெரியாமல் மறைப்பது அதைவிட மோசம்.

என் சொந்தத் தொழிலில் நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதையில், நியூஜெர்ஸியில் இருக்கும் கதாநாயகன் காலைக் காபி குடித்துக்கொண்டே மயிலாப்பூருக்கு டெலிபோன் செய்வதாகவும், இங்கே கதாநாயகி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பேசுவதாகவும் எழுதிவிட்டேன். நெல்லையிலிருந்து ஒரு வாசகி, "அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். உங்கள் கதாநாயகி சாயங்காலத்தில் கோலம் போடுகிறாளா, அல்லது நீங்கள் கதை எழுதும்போது தூங்குகிறீர்களா?" என்று ஒரு கார்டு போட்டார். அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு கதைக்காரன் கற்பனை மனுஷர்கள் விஷயத்தில் காட்ட வேண்டிய எச்சரிக்கையை, நிஜ மனுஷர்களின் சாவை எழுதுகிறவன் காட்டக் கூடாதா?

நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியப்பா ஒரு வெடி போட்டார். அவருக்கு எண்பத்தைந்து வயசு. "நீ எதுக்குடா குதிக்கிறே? சூரியோதயத்துக்கு முன்னாலே போனா நம்ம பழைய கணக்குக்கு அது திங்கட்கிழமைதான். உன் மெஷின் பஞ்சாங்கப்படிதான் எழுதியிருக்கு" என்றார். ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன். உண்மைதானே? பழைய கணக்கில் நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, உதயத்தில். கிரீன்விச் நள்ளிரவு நமக்கு ஐந்தரை மணி. உதயத்துக்கு ஏறக்குறைய அருகில். லண்டனில் உட்கார்ந்து செய்த ஏற்பாடு நம் தாத்தாக்களின் வழக்கத்தோடு தற்செயலாக ஒத்துப்போகிறது!

ஆனால் யோசித்துப் பார்த்தால், பெரியப்பாவின் வாதம் என் கட்சிக்குத்தான் பலம். பஞ்சாங்கம் தான் எந்தக் கணக்கில் பேசுகிறது என்பதை மறைப்பதில்லை. எந்த ஊருக்குக் கணித்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். சிராத்தத்துக்குத் திதி பார்க்க வந்த வாத்தியார், "எந்த ஊர்லே? எத்தனை மணிக்கு? உதயத்துக்கு முன்னாலேயா, பின்னாலேயா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் பஞ்சாங்கத்தையே திறந்தார். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கிய புரோகிராம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அப்பாவின் காகிதங்களைத் தேடியபோது அவருடைய ஜாதகக் குறிப்பு அகப்பட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதியே தீருவது என்று தீர்மானித்தேன். அப்பா பிறந்தது 1943-ல், கும்பகோணத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில். அது யுத்த காலம். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரையில் இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அப்பா பிறந்தது கடிகாரப்படி நள்ளிரவு பன்னிரண்டு மணி இருபது நிமிஷம். அந்தக் கிராமத்து ஜோஸ்யர், பழுப்பேறிய காகிதத்தில், "ராத்திரி 12-20, யுத்த டைம், பழைய மணி 11-20, முந்தின தேதி" என்று இரண்டையும் எழுதி, ஊர்ப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு மணியைக் கழிப்பது ஜோஸ்யர்களிடையே இன்றுவரை சாதாரண வழக்கம்.

கவனியுங்கள். அப்பாவின் விஷயத்தில் பிறப்பு, இறப்பு இரண்டுமே தேதி மாறுகிற இடத்தில் நடந்தவை. பிறந்த தேதியைப் பற்றி எண்பது வருஷம் கழித்தும் ஒரு சந்தேகமும் இல்லை; ஏனென்றால் எந்தக் கடிகாரம் என்று எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். இறந்த தேதி பத்து நாளைக்குள் குழம்பிவிட்டது. ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்த ஜோஸ்யரின் குறிப்பில் நம்பிக்கை உண்டு.

இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தச் சரித்திரம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்திலுள்ள கால மண்டலங்களின் மாறுதல்களையெல்லாம் தொகுத்து, 1980-களிலிருந்து சில பரோபகாரிகள் ஒரு பட்டியல் வைத்து வருகிறார்கள். அநேகமாக எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் கைபேசிகளிலும் அது இருக்கிறது. அதில் "ஆசியா/கொல்கத்தா" என்ற பெயரின் கீழ் நம் யுத்த கால மணி இருக்கிறது. 1906-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்களை ஓட்டிய பழைய சென்னை மணியும் இருக்கிறது. கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிஷம் பத்து விநாடி முன்னால். (மணியைக் கொடுத்தது நுங்கம்பாக்கத்து வானிலைக் கூடம், பெயர் மட்டும் கல்கத்தாவுக்கு! இந்த மனத்தாங்கலை வேறொரு சமயம் வைத்துக்கொள்வோம்.) 2011-ல் அமெரிக்காவில் ஒரு ஜோதிடப் புரோகிராம் கம்பெனி, எங்கள் புஸ்தகத்திலிருந்து எடுத்த விவரம் என்று சொல்லி இந்தப் பட்டியலைப் பராமரித்தவர்கள்மேல் வழக்குப் போட்டது; மறு வருஷம் வழக்கை வாபஸ் வாங்கி மன்னிப்பும் கேட்டது. அங்கேயும் பழைய மணியின் அருமை தெரிந்தவர்கள் ஜோதிடக்காரர்கள்தான் போலும்.

ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் இயந்திரம் 1943-ஐயும் சரியாகச் சொல்லும். வெறுமே "ஐந்தரை மணி முன்னால்" என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் யுத்த காலத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு மணி தவறும். மூன்று எழுத்துச் சுருக்கம் கொடுப்பதோ இன்னும் விபரீதம். ஐ.எஸ்.டி. என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம். அயர்லாந்துக்காரருக்கு அவர்கள் நேரம். போஸ்ட்கிரஸ் என்று பெயர்பெற்ற ஒரு தரவுக் களஞ்சியம் இருக்கிறது. அது தன் இயல்பான அமைப்பில் பல வருஷங்களாக அந்த மூன்று எழுத்தை இஸ்ரேல் என்றே படித்துவந்தது. ஜாவாவின் பழைய பட்டியலோ அதையே இந்தியா என்று படிக்கும். ஒரே கடுதாசியை இரண்டு குமாஸ்தாக்கள் படித்தால் நடுவில் மூன்றரை மணி நேரம் காணாமல் போகும்.

ஊர்ப் பெயரும் சில சமயம் போதாது என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அதன்பின் 2006 ஏப்ரல் வரை கொழும்பு நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய மணியே ஓடியது. வவுனியாவில் பத்தரை மணி என்றால், அதே சாலையில் ஓமந்தைச் சாவடியைத் தாண்டிப் போனால் பத்து. நான் சொன்ன அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பு இருக்கிறது: தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியில் இருப்பவர்கள் ஆசியா/கொல்கத்தா என்பதை உபயோகித்துக்கொள்ளலாம் என்று. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ அமெரிக்காவில் இருந்துகொண்டு, யாரும் சம்பளம் கொடுக்காமல், ஒரு மனிதர் வன்னிக் காட்டுக் கடிகாரத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்! அந்த வருஷங்களில் கிளிநொச்சியில் நள்ளிரவை ஒட்டிப் பிறந்த குழந்தையின் மணியை இன்று ஒரு புரோகிராம் "இலங்கைதானே" என்று ஊகித்துக் கொழும்புக் கணக்கில் போட்டால் அரை மணி தவறும். பெற்றவளைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தொழில் தெரிந்தவர்கள் ஒரு மகாமந்திரத்தை உச்சரிப்பார்கள். "எல்லாவற்றையும் யு.டி.சி.யில் வைத்துவிடு, தொல்லையே இல்லை." அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அதிகாரியும் என்னிடம் இதைத்தான் சொன்னார். "எங்க டேட்டா கரெக்டா இருக்கு சார். காட்டறதிலேதான் சின்ன இஷ்யூ" என்றார். அதாவது பிணம் சரியாகத்தான் இருக்கிறது, சான்றிதழில்தான் தவறு.

மந்திரத்தில் பாதி உண்மை. நடந்து முடிந்த ஒரு கணத்தை உலகப் பொதுவாகக் குறித்து வைக்க யு.டி.சி. உத்தமமான ஏற்பாடுதான். பாங்கியில் பணம் கட்டிய கணம், ராக்கெட் கிளம்பிய கணம், இவைகளுக்கு அது போதும். ஆனால் தேதி என்பது கணம் அல்லவே! ஒரு பெண்ணின் பிறந்த நாள் மே 5 என்றால் அது மே 5. அவள் டோக்கியோவுக்குப் போனாலும் டொராண்டோவுக்குப் போனாலும் அது மே 4 ஆகாது. அதை எடுத்து "மே 5, நள்ளிரவு, கிரீன்விச்" என்று எவன் மாற்றி எழுதுகிறானோ, அவன் அவள் சொல்லாத ஒரு மணியையும் சொல்லாத ஓர் ஊரையும் அவள் வாயில் திணிக்கிறான். பிறகு வேறு ஊரில் அதைத் திறந்தால் மே 4 என்று காட்டுகிறது. இதைத் திருத்த இன்னொருவன் பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டி வைப்பானாம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கட்டை.

இனி நடக்கப் போகிறவற்றுக்கும் அந்த மந்திரம் உதவாது. அப்பா காலமான அதே 2023 மார்ச் மாதக் கடைசியில் லெபனான் நாட்டில் ஒரு கூத்து நடந்தது. கோடை காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள வேண்டிய நாளுக்கு இரண்டொரு நாள் முன்னால், ரம்ஜான் முடியும்வரை தள்ள வேண்டாம் என்று அரசாங்கம் திடீரென்று அறிவித்தது. மாரோனைட் திருச்சபையும் சில டெலிவிஷன் நிலையங்களும் ஒப்புக்கொள்ளாமல் தள்ளிவிட்டன. ஒரே நகரத்தில் இரண்டு மணி! சில நாளில் அரசாங்கம் தன் முடிவைக் கைவிட்டது. பெய்ரூத்தில் ஒரு டாக்டர் "அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு வா" என்று சொன்னதை ஒரு புரோகிராம் முன்கூட்டியே யு.டி.சி.க்கு மாற்றி வைத்திருந்தால், அந்த நாட்களில் அது நோயாளியை ஒன்பது மணிக்குக் கூப்பிடும். டாக்டர் சொன்னது பெய்ரூத் மணி பத்து. அதை அப்படியே வைத்திருந்தால், சர்க்கார் எத்தனை தடவை புத்தி மாறினாலும் பத்து பத்தாகவே இருக்கும்.

இதையெல்லாம் தொழிலுக்குள்ளேயே உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஜாவாவில் 2014-லேயே தேதி வேறு, ஊர் தெரியாத மணி வேறு, ஊரோடு கூடிய மணி வேறு, கணம் வேறு என்று தனித்தனி ஜாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றை ஒன்றாக மாற்ற வேண்டுமானால் எழுதுகிறவன் வாய்திறந்து ஊரைச் சொல்லியாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலும் டெம்ப்போரல் என்ற பெயரில் அப்படி ஓர் ஏற்பாடு 2025-ல் பயர்பாக்ஸ் உலாவியில் வந்தது. கருவி வந்துவிட்டது, பழக்கம்தான் போகவில்லை. பத்து எழுத்தைக் கத்தரிப்பது சுலபம். அக்கா மகனிடம், "நீயும் இப்படிக் கத்தரித்திருக்கிறாயா?" என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு மூணு இடத்திலே இருக்கும் மாமா" என்றான். அன்று ராத்திரி வெகு நேரம் அவன் அறையில் விளக்கு எரிந்தது.

அப்பாவின் சான்றிதழைத் திருத்த எனக்குத் துணை வந்தது ஒரு பழைய சட்டம். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு. தவறான பதிவைத் திருத்தும் முறையை அது சொல்கிறது: முதலில் எழுதியதை அழிக்கக் கூடாது; அதில் கை வைக்கக் கூடாது; ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, பதிவாளர் கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். சர்க்கார் சட்டங்களில் நான் இவ்வளவு பண்பை எதிர்பார்க்கவில்லை. தவறே ஆனாலும் ஒருவன் முதலில் சொன்னது இன்னது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் பிரிவை எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரிப் புரோகிராமில் நான் தேடியது இதைத்தான், கிடைக்காததும் இதுதான். நர்ஸ் அடித்த "14, 3-10" என்ற எழுத்துக்கள் எங்கேயும் இல்லை. இயந்திரம் அவற்றைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்ட அந்தக் கணமே மூலத்தைக் குப்பையில் போட்டுவிட்டது. "13, 21-40" என்பதும் அதன் கடைசியில் ஓர் இஸட் எழுத்துமே மிச்சம். நல்ல வேளையாக அந்த இஸட் இருந்தது. அது கிரீன்விச்சின் அடையாளம் என்று எழுத்து மூலம் வாங்கிக் கொடுத்த பிறகே பதிவாளர் பேனாவை எடுத்தார். மூன்று மாதம், இரண்டு பிரமாணப் பத்திரம், கணக்கில்லாத ஆட்டோ சத்தம்.

திருத்திய சான்றிதழை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை மட்டும் படித்தாள். மடித்து அப்பாவின் ஜாதகக் குறிப்போடு சேர்த்து வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி அதிகாரியும், "நோட் பண்ணிக்கிட்டோம் சார், சரி பண்ணிடுவாங்க" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

சென்ற மாதம் எதிர்வீட்டுக்காரர் கல்கண்டுத் தட்டோடு வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். விடியற்காலை நாலு மணி. ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டேன், அதே ஆஸ்பத்திரிதான். மனுஷர் சந்தோஷமாகக் குழந்தையின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "காகிதம் ஏதாவது கொடுத்தார்களா? கொஞ்சம் கொண்டுவாருங்கள், பார்ப்போம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் எடுத்து வந்தார். வாங்கிப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.